இரண்டு 100 ஓம் தடையிகள்

பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஈயம் உருகும்போது எழும் பிசின் புகையின் வாசனை. பாடம் முடிந்தால் நாங்கள் நாலு பேரும் பௌதிக ஆய்வுகூடத்தின் கடைசி மேசையில்தான் கிடப்போம்.

முதலில் செய்தது ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்எம் ஒலிபரப்பி. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு சின்ன மைக், 9 வோல்ட் பற்றரி, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் நாலைந்து கொள்ளளவிகள். சுருளை நாங்களே சுற்றினோம்: பென்சிலில் எனாமல் கம்பியை ஆறு சுற்றுச் சுற்றி உருவி எடுப்பது. நுனியில் பூச்சைச் சுரண்ட மறந்தால் ஈயம் ஒட்டாமல் முத்துப்போல உருண்டு ஓடும். எல்லாம் பற்றவைத்து, பக்கத்து ரேடியோவை 88 மெகாஹெர்ட்ஸிலிருந்து மெல்லத் திருப்பிக்கொண்டு போனால் ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அதுதான் எங்கள் நிலையம்! அப்புறம் மைக்கைத் தட்டினால் ரேடியோவில் டொக் டொக் என்று கேட்கும்.

சுருளுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாலே நிலையம் நழுவிவிடும். எங்கள் உடம்பும் கொள்ளளவு சேர்க்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. சுற்றுகளை இழுத்து அகட்டினால் அதிர்வெண் ஏறும், நெருக்கினால் இறங்கும். மாஸ்டர் அன்டெனாவை மட்டும் ஒரு சாணுக்கு மேல் நீட்ட விடவில்லை. "அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது தம்பி, 108ஐத் தாண்டினால் விமானக்காரருடைய இடம்" என்பார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

பிறகு ஆய்வுகூடத்துக்குக் கணினிகள் வந்தன. நடுவில் ஒரு கம்பியும் சுற்றிலும் உலோக உறையுமுள்ள ஒரே கோஆக்சியல் கம்பியில் மாலை கோத்ததுபோல எல்லாவற்றையும் இணைத்திருந்தார்கள். கம்பியின் இரண்டு முனையிலும் 50 ஓம் தடையி உள்ள மூடி ஒவ்வொன்று. ஒருநாள் அதில் ஒன்று தொலைந்துபோனது. கம்பி அறவில்லை, கணினிக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டும் பழுதில்லை, ஆனால் ஒரு கணினிக்கும் மற்றது தெரியவில்லை. மாஸ்டர் ஒரு கயிற்றைக் கதவுப் பிடியில் கட்டி ஓர் உதறு உதறினார். அலை ஓடிப்போய் முட்டி எங்களிடமே திரும்பி வந்தது. "முனையில் அதை விழுங்க ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து புதிதாக வருவதையும் குழப்பும்" என்றார்.

50 ஓம் தடையி எங்களிடம் இல்லை. 100 ஓம் இருந்தது. இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் தடை பாதியாகும். அப்படியே சேர்த்து முறுக்கி, ஒரு பக்கத்தை அந்தக் கம்பிக்கான பிஎன்சி செருகியின் நடு ஊசியிலும் மறுபக்கத்தை அதன் உடலிலும் பற்றவைத்தோம். மாட்டியதும் கணினிகள் ஒவ்வொன்றாகத் திரையில் தெரியத் தொடங்கின. அந்த ஐந்து நிமிடம் அளவுக்கு வேறெந்தப் பாடமும் எனக்குள் இறங்கியதில்லை.

பிற்பாடு பரீட்சை எழுதி, பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கான அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தேன். 7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 40 மீற்றர் அலைநீளத்துக்கு, அரை அலை அன்டெனா, ஏறத்தாழ 20 மீற்றர் கம்பி. அதை இணைக்குமுன் சோதிக்க, அன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை விழுங்கும் ஒரு போலிச் சுமை வேண்டும். 1000 ஓம் தடையிகள் இருபதை இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே பக்கம் பக்கமாகப் பற்றவைத்தேன். மீற்றரில் பார்த்தால் அதே 50 ஓம்.

கடைசி மேசை மூவரில் யாராவது உரிமம் எடுத்திருந்தால் 40 மீற்றரில் கூப்பிடுங்கள். பின்னேரங்களில் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.