ஃப்ளாவியோனில் எரிபொருளுக்குக் காத்திருந்த டாங்கிகள்

1940ஆம் ஆண்டில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்ததற்கு அதன் டாங்கிகள் தரங்குறைந்தவை என்பதே காரணம் என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். பிரெஞ்சுப் படையின் முதலாவது கவச டிவிஷனுக்கு நேர்ந்ததைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் உருவான அந்த டிவிஷனுக்கு ஜெனரல் ப்ரூனோ தளபதி. சுமார் 70 பி1 பிஸ் கனரக டாங்கிகளும் ஏறத்தாழ 90 ஹாட்ச்கிஸ் இலகுரக டாங்கிகளும் அவரிடம் இருந்தன. பி1 பிஸ்ஸின் 60 மில்லிமீட்டர் முன்கவசத்தை அன்றைய ஜெர்மானிய டாங்கிகளின் குண்டுகள் எளிதில் துளைக்கவில்லை. ஆனால் 30 டன்னுக்கும் மேற்பட்ட அந்த வண்டியின் பசி பெரிது: 400 லிட்டர் நிரப்பினாலும் வயல்வெளியில் சில மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். சுழல்கோபுரத்திலோ ஒரே ஆள். வண்டிக்குத் தலைவர், குண்டு நிரப்புபவர், சுடுபவர் எல்லாம் அவரே.

மே 13 அன்று தினான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்துவிட்ட ஜெர்மானியரைத் தாக்கும்படி, பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா பக்கம் நின்றிருந்த டிவிஷனுக்கு மறுநாள் உத்தரவு வந்தது. தூரம் 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அகதிகளால் சாலைகள் அடைத்துக்கிடந்ததால், டாங்கிகள் ஊர்ந்து ஊர்ந்து இரவில் ஃப்ளாவியோன் பகுதியை அடைந்தபோது எரிபொருள் ஏறக்குறைய வற்றியிருந்தது. எரிபொருள் வண்டிகளோ அணிவகுப்பின் கடைசியில் வந்துகொண்டிருந்தன. இதற்குப் பலர் ப்ரூனோவைக் குறை கூறுகிறார்கள். ஆனால் காலாட்படையின் நடைவேகத்துக்கே டாங்கிகளைப் பழக்கிவைத்த ஒரு ராணுவத்தில் எரிபொருளுக்கு அவசரம் நேரும் என்பதையே எவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரிகள் 20 லிட்டர் தகரக் கேன்களை லாரிகளில் ஏற்றித் தங்கள் டாங்கிகளோடு கூடவே கொண்டுவந்தார்கள்.

மே 15 காலையில், பிரெஞ்சு டாங்கிகள் எரிபொருள் நிரப்பிக்கொண்டும் அதற்காகக் காத்துக்கொண்டும் நிற்கையில், ஜெர்மானியத் தளபதி ரோமெலின் ஏழாவது பான்சர் (டாங்கி) டிவிஷன் வந்து மோதியது. சற்று நேரத்தில் ரோமெல் மேற்கே விரைந்துவிட, ஐந்தாவது பான்சர் டிவிஷன் சண்டையைத் தொடர்ந்தது. முன்கவசத்தைத் துளைக்க இயலாத ஜெர்மானியச் சுடுநர்கள் தடச்சங்கிலிகளையும், பக்கவாட்டில் குளிரூட்டிக்கான காற்றுக் கம்பிவலையையும் குறிவைத்தார்கள். எரிபொருள் கிடைக்காமல் நின்றுபோன டாங்கிகள் பலவற்றை, எதிரியின் கையில் சிக்கக் கூடாதென்று பிரெஞ்சு வீரர்களே தீயிட்டார்கள்.

மறுநாள் அந்த 160இல் மிஞ்சியவை மிகச் சிலவே. ப்ரூனோவும் சில நாட்களில் சிறைப்பட்டார். ஜெனரல் வெல்வேரின் தலைமையில் அவசரமாகத் திரட்டப்பட்ட டிவிஷன் ஜூனில் மீண்டும் களம் கண்டது. ஜூன் 22 அன்று கையெழுத்தான போர்நிறுத்தத்துக்குப் பின் கலைக்கப்பட்டது.