வில்லிவாக்கத்தில் ஒரு பவளத் தொட்டி: முதல் வருடக் குறிப்புகள்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே ஒரு சம்ப், அதாவது தொட்டித் தண்ணீர் வடிந்து சுற்றி வரும் இரண்டாவது தொட்டி. பாறை பிடித்துக்கொண்ட இடம் போக, சம்ப்பையும் சேர்த்தால் சுமார் 190 லிட்டர் உப்புத் தண்ணீர். இரண்டு கோமாளி மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு இறால், கொஞ்சம் நத்தை. மற்றதெல்லாம் மென்பவளம். கொளத்தூர் வண்ணமீன் சந்தை பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. ஒரு வால்வு உடைந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்துவிடலாம்.

கல் பவளம் வேண்டாம் என்பது தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே எடுத்த முடிவு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி இருக்கும் அதே அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்த துண்டாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் காலங்காலமாகச் சுண்ணாம்புக்கு வெட்டி எடுக்கப்பட்டு, அப்புறம் 1998, 2010, 2016 என்று வெப்பத்தில் வெளுத்து அடிபட்டவை. அங்கிருந்து 'லைவ் ராக்' (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) வந்திருக்கிறது என்று யாராவது காதோடு சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு வீடியோக்களில் மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டை விடு என்பார்கள், கடல்குதிரை ஜோடி வை என்பார்கள். இங்கே அவையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அதனால் என் தொட்டியில் செராமிக் பாறை, அரகோனைட் மணல், பில்லோடு வாங்கிய இறக்குமதி மென்பவளம், இவ்வளவுதான்.

ஜனவரி: தண்ணீர்

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "கடல் இவ்வளவு பக்கத்துல இருக்கே, நாலு கேன் மொண்டுட்டு வரலாமே?" வரலாம்தான். ஆனால் சென்னைக் கரையோரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் ஆற்று நீர் கலந்து வங்கக் கடலின் மேல்மட்ட உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இந்த மாதம் ஓர் அளவு, அடுத்த மாதம் வேறு அளவு என்று இருக்கும் தண்ணீரை வைத்துக்கொண்டு பவளம் வளர்ப்பதைவிட, உப்புப் பொடியை நல்ல தண்ணீரில் கரைப்பது சுலபம்.

அந்த நல்ல தண்ணீருக்குத்தான் பாடு. எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தை ஒட்டி இருக்கும். சமையலறை ஆர்.ஓ. உதவாது, குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடுகிறார்கள். அதனால் தனியாக ஒரு ஆர்.ஓ., அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய். மெம்பிரேனைத் தாண்டி வரும்போது நாற்பது, ஐம்பது என்று காட்டும் மீட்டர் ரெசினைத் தாண்டியதும் பூஜ்யம் காட்ட வேண்டும். போர் தண்ணீரில் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று கண்டதும், மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் மட்டும் பிடித்து டிரம்மில் சேர்க்க ஆரம்பித்தேன். கழிவாகப் போகும் தண்ணீர் வீடு துடைக்க, பாத்ரூமுக்கு.

உப்பு லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. அதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குகிறவர்கள் 35 என்று குறித்த சரிபார்ப்புத் திரவத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் சரியாகக் காட்டிவிட்டு 35-இல் இரண்டு தள்ளிக் காட்டும் கருவிகள் நிறைய.

பிப்ரவரி, மார்ச்: நவச்சாரம்

புதுத் தொட்டியில் மீனை விடுவதற்கு முன் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேற வேண்டும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அவற்றுக்குத் தீனியாக வெளிநாட்டுப் பாட்டிலில் விற்பது அம்மோனியம் குளோரைடு. நம் ஊரில் ஈயம் பூசுகிறவர்கள் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம் அதேதான். ஆனால் பட்டறைச் சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரத்தில் நூறு கிராம் டப்பா கிடைக்கிறது, அதை வாங்கிக்கொண்டேன். 190 லிட்டரில் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வர 1.2 கிராம் போதும். தபால் எடை பார்க்கும் தராசு இதற்கு ஆகாது, நகைத் தராசு வேண்டும்.

உப்புத் தொட்டியில் பி.எச். 8.1, 8.2 என்று இருப்பதால் அம்மோனியாவின் நச்சுப் பங்கு நன்னீர்த் தொட்டியைவிட அதிகம். அதனால் போட்ட 2 பி.பி.எம். ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் இறங்கும்வரை ஒன்றையும் விடவில்லை. ஒன்றரை மாதம் போல ஆனது. வெறும் பாறையைப் பார்த்து விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

அப்புறம் கோமாளி மீன் ஜோடி. இவை பண்ணையில் பொரித்தவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்ததை வாங்க இன்று அவசியமே இல்லை. பண்ணை மீன் முதல் நாளே குச்சித் தீனி தின்கிறது. இரண்டில் பெரியது பெண். எல்லாமே ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் மூத்தது பெண்ணாக மாறும் சாதி இது. அதனால் குட்டியாக இரண்டு வாங்கினால் போதும், ஜோடி தானாக அமைந்துவிடும்.

மீனும் தீனியும் வந்த கையோடு பாறையெல்லாம் பழுப்பு மாவு பூத்தது. அது டயாட்டம், தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் போய்விடும். அதைத் தொடர்ந்து பச்சைப் பாசி. இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்துபோய் பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்தைக் கொட்டி நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சத்தெல்லாம் போய்விட்டால் டைனோஃபிளாஜெல்லேட் என்கிற சளி மாதிரிக் கொடுமை வருகிறது. பச்சைப் பாசியை நத்தை தின்னும். அந்தச் சளியைத் தின்ற நத்தை செத்துப்போகும். நான் நைட்ரேட்டைப் பத்து பி.பி.எம்.-ஐ ஒட்டியும் பாஸ்பேட்டை 0.05-க்கும் 0.1-க்கும் நடுவிலும் வைத்துக்கொண்டேன். மென்பவளத்துக்குக் கொஞ்சம் சத்துள்ள தண்ணீர்தான் பிடிக்கும். பளிங்குத் தண்ணீர் வேண்டும் என்பது கல் பவளக்காரர்கள் கணக்கு.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: வெயில்

சென்னையில் இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசி இந்த மூன்று மாதம்தான். தொட்டித் தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் பவளம் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுக்க ஆரம்பிக்கும்; சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு. மே மாத மதியத்தில் எங்கள் ஹால் 34-இல் நிற்கும்.

முதலில் ஃபேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று ஓடவிட்டால் ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காய்ந்த காற்று அடிக்கும் நாளில் மூன்று டிகிரி வரை இறக்கியது. ஆனால் கடற்காற்று திரும்பி, சட்டை உடம்போடு ஒட்டுகிற சாயங்காலங்களில் ஒரு டிகிரி இறங்கினாலே பெரிது. ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாக மறுக்கிறது, நமக்கு வியர்வை காயாத அதே காரணம்.

ஃபேனுக்கு இன்னொரு விலையும் உண்டு. நாளுக்கு நாலைந்து லிட்டர் ஆவியாகிவிடும். போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். ஐந்து லிட்டரை நிரப்பாமல் விட்டால் 35 என்பது மறுநாள் 36-ஐத் தொட்டிருக்கும். அதை நினைவு வந்தபோது ஒரு குடமாக ஊற்றுவது பவளத்துக்குப் பிடிக்காது. சம்ப்பில் ஒரு மிதவை சென்சாரும் சின்ன மோட்டாரும் வைத்து, டி.ஐ. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தானே நிரம்பும்படி செய்தேன். இந்தத் தொட்டியில் நான் செலவழித்த காசில் இதற்குப் போனதுதான் உருப்படியான காசு. விளக்குக்கு ஆன செலவில் பாதிகூட ஆகவில்லை.

மே முதல் வாரத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வந்தது. "சார், 1/10 குதிரைத்திறன் போதும், பெரிசு வேணாம்" என்றார் கடைக்காரர். என் அளவுக்கு அது சரியாகவே இருந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது அறைக்குள்தான் கக்கும். ஸ்டாண்டுக்குள் மூடி வைத்தால் தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு ஓடும். வெளியே எடுத்து, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டேன். மோட்டார், விளக்கு, சில்லர் எல்லாம் சேர்ந்து கோடையில் நாளுக்கு நாலு யூனிட். இரண்டு மாத பில்லில் 240 யூனிட் கூடினால் நூறு யூனிட் இலவசம் எந்த மூலைக்கு?

பவர் கட்டுக்கு ஏற்பாடு தனி. விளக்கும் சில்லரும் போனால் கொஞ்ச நேரம் தாங்கும். தண்ணீர் ஓட்டம் நின்றால் தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊரில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை மனதில் வைத்து, தண்ணீரை ஓட்டும் மோட்டாரான வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்திருக்கிறேன். அதற்கும் மேலே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, கரண்ட் போனதும் தானாக ஓடும் ரகம்.

ஆகஸ்ட்: சுண்ணாம்பு

பாறைகளில் ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி படர ஆரம்பித்ததும் தண்ணீரின் காரத்தன்மை மெல்ல இறங்கத் தொடங்கியது. 8.5 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) வைத்திருந்தேன், ஒரு நாளுக்குக் கால் டி.கே.எச். குறைகிறது. கல் பவளத் தொட்டியில் இதைப்போலப் பல மடங்கு இறங்கும். அங்கே டோசிங் பம்ப், மூன்று பாட்டில் என்று போவார்கள். எனக்குச் சுண்ணாம்புத் தெளிநீரே போதும். கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுகிற அதே பொருள்தான், ஆனால் தாம்பூலச் சுண்ணாம்பைப் போடக் கூடாது, அதில் மெக்னீசியமும் இன்ன பிறவும் இருக்கும். ஆய்வகத் தரம் வேண்டும்.

ஆவியான தண்ணீரை நிரப்பும் டிரம்மிலேயே கலந்துவிடுகிறேன். நாளுக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் என்ற கணக்கில் போட்டால் அந்தக் கால் டி.கே.எச். திரும்பி வந்துவிடுகிறது, கால்சியமும் சேர்ந்தே வருகிறது. காற்று பட்டால் மேலே ஆடை கட்டும், அதனால் டிரம்முக்கு மூடி. தெளிநீரின் பி.எச். 12-க்கு மேல், கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை. சென்சார் சிக்கிக்கொண்டு மொத்த டிரம்மும் ஒரே நேரத்தில் இறங்கினாலும் தொட்டி தாங்க வேண்டும் என்று டிரம்மை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறேன்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. ஏ.சி. போட்டு ஜன்னலை அடைத்த இரவுகளில் நாம் விடும் மூச்சில் அறையின் கார்பன் டை ஆக்சைடு ஏறி, தொட்டியின் பி.எச். 7.8-க்கு வந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் 8.1. சுண்ணாம்பு அந்த வாயுவை இழுத்துக்கொள்வதால், இப்போது அடைத்த அறையிலும் 8-க்குக் கீழே போவதில்லை.

அக்டோபர்: காளான் பவளத்தை வெட்டியது

மீன் கடைப் பாஷையில் 'மஷ்ரூம்'. சிவப்பில் பச்சைப் புள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சின்னப் பாறையோடு வெளியே எடுத்தேன். தண்ணீரை விட்டு வந்ததும் சுருங்கி எலுமிச்சை அளவுக்கு வந்தது. புது பிளேடை வாயின் நடுவே வைத்து ஒரே இழுப்பு. உள்ளே எலும்பில்லை, ஓடில்லை. கெட்டியான ஜெல்லி, கொஞ்சம் சளி. இரண்டு பாதியையும் உப்புத் தண்ணீரில் அலசி, உடைந்த செராமிக் துண்டுகள் போட்ட டப்பாவில் விட்டு, மேலே கொசுவலை கட்டி ஓட்டம் குறைந்த மூலையில் வைத்தேன். வலை இல்லையென்றால் மிதந்து போய் மோட்டாரில் சிக்கும். முதல் இரண்டு நாள் இரண்டும் சுருண்ட தோல் மாதிரி கிடந்தன. அடுத்த வாரத்தில் வெட்டுப்பட்ட ஓரம் உள்பக்கம் மடிந்து ஒட்டி, அடிப்பாதம் கல்லைப் பிடித்துக்கொண்டது. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனி வாய்.

கையுறை, கண்ணாடி என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. பக்கத்துப் பாறையில் இருக்கும் ஜோவாந்திட் என்ற பவள உறவுகளில், அதிலும் பாலிதோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற விஷம் இருக்கலாம். இயற்கையில் உள்ள கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. அவை ஒட்டிய பாறையைச் சுரண்டுவது, வெந்நீர் ஊற்றுவது, கொதிக்கவைப்பது எதுவும் கூடாது. ஆவியை முகர்ந்தே குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த ரகத்தையே வாங்காதீர்கள் என்பேன்.

நவம்பர்: இப்போதைய நிலவரம்

தோல் பவளம் அவ்வப்போது வாரக்கணக்கில் மூடிக்கொண்டு மெழுகு பூசியது போல நிற்கிறது, பிறகு அந்த ஏட்டை உரித்துப் போட்டுவிட்டு முன்னைவிடப் பெரிதாக விரிகிறது. உரிக்கிற சமயம் வேவ்மேக்கரை அதன் பக்கம் திருப்பிவிட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது. இந்த ஜாதி பக்கத்தில் இருப்பவற்றைத் தண்ணீரில் ரசாயனம் விட்டே அடக்கும் என்பதால் சம்ப்பில் எப்போதும் ஒரு பை கரி உண்டு, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஜீனியாவை. கை விரித்து மூடி, விரித்து மூடி, நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஏன் என்று செங்கடலின் எய்லாட் பகுதியில் இதன் உறவு இனத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-இல் வந்த அந்த ஆய்வின்படி, துடிப்பு உடம்பைச் சுற்றித் தேங்கும் ஆக்ஸிஜனைக் கலைத்துவிடுவதால் உள்ளிருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுகிறது. எல்லாம் சரி, விட்டால் தொட்டி முழுக்க அதுவே ஆகிவிடும். மணலுக்கு நடுவே தனிக் கல்லில் வைத்து, அந்தக் கல்லுக்கும் பாறைக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன். எல்லை தாண்டுவதைக் கிள்ளி கடைக்காரரிடம் கொடுத்துத் தீனி வாங்கிக்கொள்கிறேன்.

அனிமோன் (கடல் சாமந்தி) கேட்டு வீட்டில் நச்சரிப்பு நடக்கிறது. அது இடம் மாறி நடந்து வேவ்மேக்கருக்குள் போய் அரைபட்டால் ஒரே இரவில் தொட்டி கெட்டுவிடும். மோட்டாருக்கு வலைக்கூண்டு செய்து மாட்டும்வரை இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் செய்ய வேண்டியது வேறு: புது மீன்களைத் தனியே வைத்துப் பார்க்க ஒரு இருபது லிட்டர் தொட்டி. வெள்ளைப் புள்ளி நோய்க்கு வழக்கமாகப் போடுவது தாமிர மருந்து, அதைப் பவளம் இருக்கும் தண்ணீரில் ஒரு சொட்டுகூட விட முடியாது. கண்ணாடிக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. மார்ச்சுக்குள் சில்லரைப் பால்கனிக்கு மாற்றக் குழாய்க்கு இரண்டு ஓட்டை போட வேண்டும். வீட்டுக்காரர் அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.