ஆயா செலவு யார் கணக்கில்?

காட்பாடி காந்தி நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். யார் எதற்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் பிழைப்பு. செப்டம்பர் வந்தால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. 30ஆம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் முடிய வேண்டும்.

2024 செப்டம்பரில் ஒரு நாள், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழில் செய்யும் ஒருவரின் கணக்கைப் பதிந்துகொண்டிருந்தேன். கார் டீசல், டயர், டிரைவர் சம்பளம், டிரைவர் பேட்டா. எல்லாம் வாகனச் செலவு. தொழிலுக்காகவே ஆன செலவு என்றால் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், சட்டம் அப்படி. அவர் தொழிற்சாலைக்குப் போய் உட்காருவதற்கு டிரைவர் தேவை. சரி, நியாயம்தான்.

மணி ஆறு பத்து. போன் அடித்தது. பிளே ஸ்கூலிலிருந்து. "மேடம், எல்லாப் பசங்களும் போயிட்டாங்க. உங்க பாப்பா மட்டும்தான்."

வண்டியை எடுக்க ஓடும்போதுதான் அது உறைத்தது. நான் இந்த நாற்காலியில் வந்து உட்காருவதற்கும் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? எங்கள் பாஷையில் அது டிராயிங்ஸ். சொந்தச் செலவு. முதலாளி வீட்டு மளிகை, மகள் கல்யாண நகை இவற்றோடு சேர்ந்த வகை.

முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பாப்பா பிறந்தது 2022 ஜனவரியில். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ், கடை என்றால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது என்பது, எனக்கே தேவைப்பட்டபோதுதான் மண்டையில் ஏறியது. எங்கள் ஆபீசில் சாரைச் சேர்த்தே எட்டுப் பேர். சார் நல்ல மனிதர், மூன்று மாதம் விடுப்பும் அதில் பாதிக்குச் சம்பளமும் கொடுத்தார். ஏப்ரலில் திரும்பி வந்தேன். தாய்ப்பால் கட்டிக்கொண்டு, கதவு சாத்தாத ரெக்கார்டு ரூமில் நின்று அழுத கதையெல்லாம் இங்கே வேண்டாம்.

அப்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அத்தை, என் மாமியார். கலவைப் பக்கம் கிராமம். "இன்னாத்துக்கு ஆளு? நான் இல்லையா?" என்று இரண்டு பையோடு வந்து இறங்கினார். மாமாவுக்கு மூத்தவர் வீட்டில் சாப்பாடு. கறவை மாட்டைத் தன் தம்பி வீட்டில் பாதிப் பாலுக்கு விட்டுவிட்டு வந்திருந்தார். எங்களுக்குச் செலவே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் ராத்திரி சும்மா உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மாடு வேளைக்கு நாலு லிட்டர் கறந்துகொண்டிருந்தது. அப்போது சொசைட்டியில் லிட்டர் 32 ரூபாய், அந்த நவம்பரில்தான் 35 ஆனது. சத்தைப் பொறுத்துக் கூடக் குறைய வரும் என்றாலும் மாதம் 7,680. தவிடு, புண்ணாக்கு போக மூவாயிரத்து ஐநூறு, நாலாயிரம் கையில் நிற்கும். அதில் பாதி போயிற்று. அப்புறம் அங்கே சரியாகக் கவனிக்காமல் பால் குறைந்து, ஆடிக்கு முன்னால் மாட்டையே விற்றார்கள். 52,000க்கு வாங்கியது, 38,000க்குப் போனது. அத்தை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணவர் ஒருமுறை கேட்டதற்கு, "மாடு இன்னாடா, வரும் போகும்" என்று சொல்லிவிட்டுப் பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டப் போய்விட்டார். செலவே இல்லாத பத்து மாதத்தில் 14,000 ரூபாய் நஷ்டம், தம்பி வீட்டுப் பால் தனி.

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பா முதலில் பேசிய வார்த்தையும் அதுதான். "அம்மா" வருவதற்கு இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

2023 பிப்ரவரியில் மாமாவுக்குக் காலில் புண், சர்க்கரை. அத்தை ஊருக்குப் போனார். ரங்காபுரத்திலிருந்து ஒரு அக்காவை வைத்தோம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை, 8,000 ரூபாய், மத்தியானச் சாப்பாடு. அவரையும் பாப்பா ஆயா என்றே கூப்பிட்டாள். அது போனில் காதில் விழுந்த அன்று அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சம்பள ஆயா, சம்பளமில்லாத ஆயா என்று குழந்தைக்குப் பிரித்துச் சொல்ல முடியுமா என்ன.

அந்த அக்கா தங்கமான மனுஷி. ஒன்பது மாதம் கழித்துப் போய்விட்டார். வேலூரில் வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் குடும்பங்களுக்கு, நோயாளி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர்கள் நாள் கணக்கில் கொடுப்பார்கள்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. அங்க நாளுக்கு எழுநூறு, சோறும் போடறாங்க. நீயே கணக்கு பாக்கறவ, நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். 26 நாளுக்கு 18,200. என் சம்பளம் 22,000. "போங்கக்கா" என்று ஒரு புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம்தான் பிளே ஸ்கூல். டே கேரோடு சேர்த்து. பெயர் வேண்டாம், வாசலில் முயல் படம் போட்ட எத்தனையோ இடங்களில் அதுவும் ஒன்று. சேர்க்கும்போது 6,000. மாதம் 3,500, டே கேருக்குத் தனியாக 3,000. யூனிஃபார்ம் இரண்டு செட், பை, கலர் டே, ஃப்ரூட்ஸ் டே. ஆரஞ்சு நிற டிரெஸ் எங்கள் வீட்டில் இல்லை என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை லாங்கு பஜாரைச் சுற்றினோம். மே மாதம் பள்ளி இல்லை, ஆனால் ஃபீஸ் உண்டு. அந்த மாதம் பாப்பாவை யார் பார்த்தார்கள்? அத்தைதான், ஊரில். நான் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஞாயிறு முழுக்க அவளை மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்புவேன்.

எல்லாவற்றையும் விட லேட் ஃபீஸ். ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு கால் மணிக்கும் 50 ரூபாய். எனக்கு ஆபீஸ் முடிவதே ஆறு. காந்தி நகரிலிருந்து கிளம்பி, பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிளைக் கடந்து சத்துவாச்சாரி போய்ச் சேர, நெரிசல் இல்லாவிட்டால் இருபது நிமிடம். நெரிசல் இல்லாத கிரீன் சர்க்கிளைப் பார்த்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள். அந்தச் செப்டம்பர் நாளில் மழை வேறு. நான் போய்ச் சேர ஆறே முக்கால். பாப்பா ஷூ போட்டுப் பையை மாட்டிக்கொண்டு வாட்ச்மேன் தாத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 150 ரூபாய்க்கு ரசீது போட்டுக் கொடுத்தார்கள். அந்த மாதம் லேட் ஃபீஸ் மட்டும் 850.

ரசீதுகளைப் பார்த்தபோது தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. பிளே ஸ்கூல் டியூஷன் ஃபீஸை அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் கழிவாகக் காட்டலாம், டே கேர் கட்டணத்தைக் காட்ட முடியாது. காட்டித்தான் என்ன? என் சம்பளத்துக்கும் என் கணவர் சம்பளத்துக்கும் வரியே வராது. வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதித்தால் அல்லவா வரிச்சலுகை!

பணத்தை விட உறுத்தியது ஒரு வாக்கியம். "உன் சம்பளத்துல பாதி அதுக்கே போயிடுதே, அப்புறம் எதுக்கு வேலைக்குப் போற?" ஓரகத்தி கேட்டார், மாடி வீட்டு அக்கா கேட்டார், என் சொந்த அம்மாவே கேட்டார். எல்லோரும் அக்கறையோடுதான் கேட்டார்கள். ஒருவர்கூட என் கணவர் சம்பளத்திலிருந்து கழித்துப் பார்க்கவில்லை. அவர் சிப்காட்டில் 38,000 வாங்குகிறார். குழந்தை இருவருக்கும்தான். ஆனால் பாப்பாவின் பற்றெல்லாம் என் பேரில் விழுகிறது.

வீட்டில் எப்போது முடிவானது என்று யோசித்தால், முடிவாகவே இல்லை. வாடகை 8,500, பைக் தவணை, கேஸ், கரண்ட் அவர். ஆயா நான். "நான் என்ன தராமலா இருக்கேன்?" என்று கேட்டார். தருகிறார், மறுக்கவில்லை. ஆனால் நான் வேலையை விட்டாலும் வாடகை இருக்கும். அந்தச் செலவைக் காட்டி யாரும் அவரை வேலையை விடச் சொல்ல மாட்டார்கள்.

சட்டமும் கிட்டத்தட்ட எங்கள் ஓரகத்தி மாதிரிதான் கணக்குப் போடுகிறது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றிருந்தது. ஆண்களை எண்ணவே இல்லை. 2017 திருத்தம் 50 பணியாளர்கள் என்று எல்லோரையும் எண்ணியது. ஆனால் நாளுக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதி பெண்ணுக்குத்தான். ஓரகத்தி ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். அங்கே காப்பக அறை இருக்கிறது, தொட்டில் இருக்கிறது. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும், பாதித் தூரம் நின்றுகொண்டு போக வேண்டும். கைக்குழந்தையை அதில் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? அவர் பையன் அவருடைய அம்மாவிடம்தான் வளர்கிறான்.

வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் கழித்து வரலாமே என்றும் சொல்வார்கள். எங்கள் ஆபீசில் எனக்கு டேலி என்கிற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொடுத்த அக்கா, 2017இல் இரண்டாவது பிரசவத்துக்குப் போனார். ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. திரும்பி வந்தபோது படிவம் முதல் பாஸ்வேர்டு வரை எல்லாம் மாறியிருந்தது. இரண்டு வாரம் வந்தார், அதோடு சரி. இப்போது வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார்.

2024 அக்டோபரில் பாப்பாவை பிளே ஸ்கூலிலிருந்து எடுத்து எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள அங்கன்வாடியில் விட்டேன். "அங்கன்வாடியிலா?" என்று மாடி வீட்டு அக்கா வாயைப் பிளந்தார். நானும் என் தம்பியும் அணைக்கட்டில் பால்வாடியில் வளர்ந்தவர்கள்தான். எங்கள் அம்மா களை எடுக்கப் போவார், எங்களுக்கு அங்கே சோறு கிடைத்தது. பிறகு படித்து, வேலூருக்கு வந்து, ஸ்கூட்டி வாங்கியதும் அது நமக்கான இடம் இல்லை என்று எனக்கே தோன்றியிருக்கிறது, பாருங்கள். இங்கே வாரம் மூன்று முட்டை, மதியம் சூடாகச் சாதம், சுவரில் பாப்பா கிறுக்கியது எதையும் யாரும் அழிப்பதில்லை. உதவியாளரையும் எல்லாப் பிள்ளைகளும் ஆயா என்கிறார்கள். ஆக, மூன்றாவது ஆயா.

ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே இருந்தபோது இந்த வழி எனக்கு இல்லை. அப்போது சத்துமாவு பாக்கெட்தான் வாங்கி வர முடிந்தது. இப்போதும் மூன்றரைக்கு மூடிவிடுவார்கள். அதற்கு மேல் ஆறரை வரை கீழே ஹவுஸ் ஓனர் அம்மா பார்த்துக்கொள்கிறார். காசு வேண்டாம் என்றார். மாடு ஞாபகம் வந்தது. கட்டாயப்படுத்தி மாதம் 3,000 கையில் வைக்கிறேன்.

கூடவே ஒரு நோட்டுப் போட்டேன். பாப்பா கணக்கு. இடது பக்கம் என் பேர், வலது பக்கம் அவர் பேர். பணம் மட்டும் இல்லை, விடுப்பு, பர்மிஷன், பிடித்த சம்பளம் எல்லாம். முதல் மூன்று மாதம் இடது பக்கம் இரண்டு தாள் நிறைந்தது. வலது பக்கம் வெள்ளையாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, டி.வி. பக்கத்தில் திறந்து வைத்துவிடுவேன்.

போன மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல், ஹவுஸ் ஓனர் அம்மா திருப்பதிக்குப் போயிருந்தார். எனக்கு ரிட்டர்ன் போடக் கடைசி நாள். என் கணவர் காலையில் தன் மேனேஜருக்கு போன் செய்தார். "ஏன்பா, வீட்ல அவங்க இல்லையா?" என்று கேட்டாராம். "இருக்காங்க சார், ஆபீஸ் போறாங்க" என்றாராம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.

கேஷுவல் லீவ் தீர்ந்துபோயிருந்ததால் ஒரு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். நோட்டின் வலது பக்கத்தில் அவரே தேதி போட்டு எழுதியிருந்தார்: 38,000ஐ 26ஆல் வகுத்து, ரூ.1,461. ஐம்பது காசுக்கு மேல் வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். அடித்து 1,462 ஆக்கினேன்.