ஆயா துடைத்துவிட்ட சாம்பல்

அந்த ஆயாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

விபூதிப் புதன், கத்தோலிக்கர்களான எங்களுக்குத் தவக்காலம் தொடங்கும் நாள். ஜென்மராக்கினி மாதா கோவிலில் காலைப் பூசை முடித்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அப்படியே பேங்குக்கு வந்துவிட்டேன். முதியோர் பென்ஷன் வாங்குபவர்களின் கூட்டம். பாஸ்புக்கை நீட்டிய ஆயா என் முகத்தைப் பார்த்தார். "இன்னா கண்ணு, நெத்தியில கரி? அடுப்பாண்ட இருந்து அப்பிடியே ஓடியாந்துட்டியா?" கேட்டுக்கொண்டே மேசைக்கு மேல் எக்கி, முந்தானையால் துடைத்தும் விட்டார். "சரி ஆயா" என்றேன். அவ்வளவுதான்.

அவர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு இருந்தது. அதுதான் என்னைக் குடைகிறது. "இது எங்க விபூதி ஆயா" என்று சொன்னால் போதும். போன வருடக் குருத்தோலை ஞாயிறில் மந்திரித்த ஓலையை எரித்தெடுத்த சாம்பல் அது. மண்ணான மனிதன் மண்ணுக்கே திரும்புவான் என்று நினைவூட்டிப் பூசுகிறார்கள். சாணத்தைச் சுட்டெடுத்த நீற்றை ஆயுசு முழுக்கப் பூசிவருபவருக்கு இதை விளக்கவா வேண்டும்?

பக்கத்து சீட் பெண்ணும் கிறிஸ்தவள்தான், ஆனால் கத்தோலிக்கரல்லாத சபைக்குப் போகிறவள். ஞாயிறுதோறும் எழுந்து தன் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லிப் பழகியவள். "அவங்களே வாய் விட்டுக் கேட்டாங்களேக்கா, சொல்லாம விட்டுட்டீங்களே" என்றாள். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னாள்.

அன்று காலை வாசித்த நற்செய்தியை அவளிடம் சொன்னேன். மத்தேயு 6ஆம் அதிகாரம்: நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, தலைக்கு எண்ணெய் தடவு, நீ நோன்பிருப்பது ஊருக்குத் தெரிய வேண்டாம். சாம்பல் பூசும் அதே பூசையில்தான் இதையும் வாசிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஆயா செய்தது சரிதானே? ஆனால் அதே மத்தேயுவின் 10ஆம் அதிகாரத்தில், மனிதர் முன் தம்மை ஏற்றுக்கொள்பவரைத் தாமும் தந்தையின் முன் ஏற்றுக்கொள்வேன் என்கிறார் இயேசு. அதை அவள் சொல்லவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது.

பென்ஷனுக்காகக் காத்து நிற்பவர் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு மதம் பேசக் கூடாது. இதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் என் நெற்றியில் இருப்பது என்ன என்று சொல்வது மதம் பேசுவதா?

இன்னொன்றும் உண்டு. நான் சொல்லியிருந்தால் ஆயா பதறியிருப்பார். "ஐயோ, சாமி விபூதியையா அழிச்சிட்டேன்" என்று அந்தக் குற்ற உணர்வை வீடு வரை சுமந்திருப்பார். அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு நொடியில் இத்தனையும் யோசித்தேனா, இல்லை, பிறகு சேர்த்துக்கொண்டதா? பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பத்துக் கட்டளைகளில் எந்தக் கட்டளையின் கீழ் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் வேறு ஒன்று வந்து நிற்கிறது. நான் சொல்லியிருந்து, அவரும் பதறி, அழித்ததற்கு ஈடாகத் தன் சுருக்குப்பையிலிருந்து திருநீறு எடுத்துப் பூச வந்திருந்தால்? நெற்றியைக் காட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பக்கத்து சீட் பெண்ணிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.