சாட்சிநாதர் கண்ட போர்

கும்பகோணத்திலிருந்து இன்னம்பூர் வழியாகத் திருப்புறம்பியம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. நடை சாத்திவிடுவார்களோ என்று ஓட்டமும் நடையுமாக உள்ளே போனோம். நல்ல வேளை, சாத்தவில்லை.

முதலில் பிரளயம் காத்த விநாயகர். சங்கும் கிளிஞ்சலும் கடல்நுரையும் சேர்ந்த திருமேனி என்பது ஐதீகம். சதுர்த்தி இரவில் மட்டும் தேனபிஷேகம் உண்டு. ஊற்றுகிற தேனெல்லாம் மேனிக்குள்ளேயே சுவறிவிடுமாம். அப்புறம் மூலவர் சாட்சிநாதர். ஒரு செட்டிப் பெண்ணின் கல்யாணத்துக்கு மதுரை வரை போய்ச் சாட்சி சொன்னவர். எனக்கென்னவோ, அவர் இதே ஊரில் இருந்தபடி பார்த்த இன்னொரு சங்கதிதான் மனதில் ஓடியது.

சுமார் 880இல் இங்கேதான் பாண்டியன் வரகுணனும் பல்லவன் அபராஜிதனும் மோதினார்கள். மதுரையும் காஞ்சியும் தலைமுறை தலைமுறையாக முட்டிக்கொண்டிருந்தவை. நடுவில் சோழர், விஜயாலயன் தஞ்சையைப் பிடித்துச் சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. அவன் மகன் ஆதித்தன் பல்லவன் பக்கம் நின்றான். கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியும் அதே பக்கம்.

பாண்டியன் தோற்றான். பிருதிவீபதி களத்திலேயே மாண்டான். அபராஜிதன் என்றால் வெல்லப்படாதவன். நண்பனின் அந்தப் பெயரை மெய்யாக்கிவிட்டுத் தன் உயிரைக் கொடுத்தான் என்று உதயேந்திரம் செப்பேடு பிருதிவீபதியைப் புகழ்கிறது. அந்தப் பெயர் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அபராஜிதன்மேல் படையெடுத்து, அவனைக் கொன்று காஞ்சியைச் சுற்றிய தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டவன் அதே ஆதித்தன். ஜெயித்த பல்லவருக்கு நாடு போயிற்று. துணைக்கு வந்த சோழர் பேரரசானார்கள். இந்தக் கோயிலைக் கற்றளியாக்கியதும், அதாவது கல்லால் கட்டியதும், ஆதித்தன்தான் என்கிறார்கள். நன்றிக்கடனா, பாவக்கழுவாயா? கேட்டால் சாட்சிநாதர் சொல்லவா போகிறார்!

பிருதிவீபதியின் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், என்று ஊரில் ஒரு சின்னக் கோயிலைக் காட்டுவார்கள். விசாரித்துக்கொண்டு போனோம். கூட்டமில்லை, தேங்காய்க் கடைகூட இல்லை. செருப்பைக் கழற்றியதும் காலடியில் சருகு நொறுங்கியது. சாட்சிநாதர் சந்நிதியில் வாங்கிய திருநீறு மடித்த காகிதத்தில் மிச்சமிருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.