லேடிலில் பூத்த மினுக்கு

கோவையில் ஒரு பவுண்டரியில் சேர்ந்த முதல் வாரம். உலையைச் சாய்த்து லேடில் என்ற வார்ப்பு வாளியில் இரும்பை ஊற்றியதும் காற்றெல்லாம் ஜிகினாத் தூள் பறந்தது. சட்டையில் விழுந்ததைத் தட்டினேன்; கறுப்பாக இழுவிக்கொண்டது. "தட்டாதீங்க தம்பி, ஊதுங்க" என்றார் உலை பார்க்கும் அண்ணன்.

அதன் பெயர் கிஷ். உருகிய இரும்பு நல்ல சூட்டில் நிறையக் கார்பனைக் கரைத்து வைத்திருக்கும். சூடு இறங்கினால் அவ்வளவையும் வைத்திருக்க முடியாது. கார்பன் சுமார் 4.3 சதவீதத்துக்கு மேல் போனால் (சிலிக்கான் இருந்தால் அதற்கு முன்பே) இரும்பு உறையத் தொடங்குமுன் அது கிராஃபைட் தகடுகளாகப் பிரிந்து மேலே மிதக்கும். வார்ப்புக்குள் அது சிக்கினால் கடைசலில் குழி குழியாகத் தெரியும், மொத்தமும் ரிஜெக்ட். லேப் ரிப்போர்ட் வருமுன்பே அண்ணன் மினுக்கைப் பார்த்து, "கார்பன் ஏறிருச்சுங்க, ஸ்டீல் ஸ்கிராப் போடலாம்" என்பார். பெரும்பாலும் தப்பாது.

சில வருடம் கழித்து ஓர் ஆய்வகத்தில் அதே சனியனை வளர்த்துத் தரச் சொன்னார்கள். 2004-ல் மான்செஸ்டரில் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து, ஓர் அணு தடிமனே உள்ள கிராஃபீன் எடுத்துக் காட்டிய பிறகு, நல்ல கிராஃபைட் படிகத்துக்கு எங்கும் தேடல்.

கிராஃபைட் மூசையில் (உருக்கும் கிண்ணம்) இரும்பைப் போட்டு 1500 டிகிரிக்கு மேல் ஏற்றினேன். மூசையின் சுவரிலிருந்தே கார்பன் கரைந்து வரும். அப்புறம் மெல்ல இறக்க வேண்டும். முதல் தடவை, கடைசி பஸ் போய்விடுமே என்று உலையை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். 1893-ல் பிரெஞ்சு வேதியியலாளர் மொய்சான் கார்பன் கரைந்த இரும்பைச் சட்டென்று குளிரவைத்தது வைரத்துக்காக, நான் பஸ்ஸுக்காக. கிடைத்தது பென்சில் தூள்.

அடுத்த முறை மணிக்கு 5 டிகிரி வீதம் இறக்கினேன். உறைந்த கட்டியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் இரும்பு கரையும், கிராஃபைட் கரையாது. நாட்கணக்கில் நாற்றம், பக்கத்து அறைக்காரர்கள் பேசுவதையே விட்டுவிட்டார்கள். வடிதாளில் கடைசியில் தங்கியவை மில்லிமீட்டர் அளவுத் தகடுகள். சிலவற்றின் ஓரம் அச்சில் வார்த்ததுபோல் 120 டிகிரியில் திரும்பியிருந்தது. இடுக்கியால் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன், ஊதினால் போச்சு.

ஊருக்குப் போனபோது ஒன்றைக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து அண்ணனிடம் காட்டினேன். "இதுக்கா ஆசிட்டுங்க?" என்று சிரித்தார். கிளம்பும்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தார், லேடில் மேட்டில் கூட்டி அள்ளியது. மண்ணும் கசடும்தான் பாதி. மிச்சத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய தகடுகள் அதில் ஏழு இருந்தன.