கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு?

குடிநீர்த் தொட்டியைக் கட்டி, எம்-புக்கில் (வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) ஏற்றி, பில்லும் பாஸாகிவிட்டால் ஒன்றியப் பொறியாளரின் வேலை முடிந்தது என்றுதான் பல ஊராட்சிகளில் நினைக்கிறார்கள். போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டால் பதில் உடனே வரும். ஊரின் கடைசித் தெருக் குழாயில் நேற்றுக் குளோரின் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் டேங்க் ஆபரேட்டரின் முகத்தைப் பார்ப்பார்கள். பொறியாளர் தினமும் கேட்டு வாங்க வேண்டிய எண் இது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-ன்படி, கிருமியைக் கொன்றது போக மிஞ்சும் எச்சக் குளோரின் அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும்.

30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். பம்ப் ரூம் மூலையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் அது வேகமாக இறங்கிவிடும். அதனால் 25 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. லிட்டருக்கு 1 மி.கி. வேண்டுமானால் 30 கிராம் குளோரின், அதாவது 120 கிராம் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிடலாம். இது தொடக்க அளவுதான். கலங்கல் தண்ணீர் இதை விழுங்கிவிடும். சோதித்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். ஒரு நாளில் இருமுறை தொட்டி நிரம்பினால் இருமுறையும் போட வேண்டும். காலையில் மட்டும் போட்டுவிட்டு, சாயங்காலத் தண்ணீரை அப்படியே விடும் ஊர்கள் நிறைய.

பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, கால் மணி நேரம் தெளிய விட வேண்டும். மேலே நிற்கும் தெளிநீர் மட்டுமே தொட்டிக்கு. அடியில் தங்கும் சுண்ணாம்பு வெளியே போக வேண்டும். அதையும் சேர்த்துக் கொட்டினால் வால்வில் போய்ப் படியும். மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால்தான் நன்றாகக் கலக்கும். நிரம்பிய பிறகு மேலே ஊற்றினால் ஓரிடத்தில் வாடை மூக்கைத் துளைக்கும், இன்னோரிடத்தில் ஒன்றுமே இருக்காது. ஊற்றி அரை மணி நேரமாவது கழித்தே கேட் வால்வைத் திறக்க வேண்டும்.

சோதனையிலும் ஏமாறலாம். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும் ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசலில் அந்த நிறத்தை உடனே படித்துவிட வேண்டும். சில நிமிடம் விட்டுப் பார்த்தால், அம்மோனியாவோடு சேர்ந்து வீரியம் குறைந்த குளோரினும் சேர்ந்து தெரியும். தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரினே இல்லாமலும் மஞ்சள் காட்டக்கூடும். குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக மாற்றும் டி.பி.டி. சோதனை மாத்திரை இதைவிட மேல்.

இனிதான் பொறியாளரின் வேலை. தொட்டி வாயிலில் 0.8 இருக்கிறது, கடைசிக் குழாயில் பூஜ்யம் என்றால் இன்னும் கொஞ்சம் பவுடர் போடச் சொல்வது சோம்பேறித்தனம். கடைசிக் குழாயிலிருந்து தொட்டியை நோக்கிக் குழாய் குழாயாகச் சோதித்துக்கொண்டே வர வேண்டும். 0, 0, 0.1, திடீரென்று 0.6 என்றால் 0.1 காட்டிய குழாய்க்கும் 0.6 காட்டிய குழாய்க்கும் நடுவில் தோண்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே சாக்கடையைக் கடக்கும் ஒரு பி.வி.சி. இணைப்பு இருக்கும். ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு நிறுத்தியதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் முதலில் வருவது அதுதான். சாக்கடைக்கு அடியில் போகும் குழாயை மேலே ஏற்றி, இணைப்பே இல்லாத முழு நீள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக மாற்றினால்தான் தீரும்.

அழுத்தம் குறைந்த தெருக்களில் வீட்டு வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் தேங்கும் தண்ணீரும் இதே வழியில் உள்ளே போகும். ஆட்களைத் திட்டிப் பயனில்லை. அந்தத் தெருவுக்குத் தனி வால்வு வைத்து நேரம் பிரித்து விட்டால் அழுத்தம் கூடும், குழிக்கும் தேவை இருக்காது. நேரடியாக இணைத்து உறிஞ்சும் வீட்டு மோட்டார் வேறு கதை. அதைப் பிடுங்கத்தான் வேண்டும்.

தொட்டிக்குப் போகும் மோட்டார் லைனிலேயே இணைப்பு கொடுத்த வீடுகளும், மினி பவர் பம்ப் சின்டெக்ஸ் தொட்டிகளும் குளோரின் கணக்கிலேயே வராது. மேல்நிலைத் தொட்டியில் போடும் குளோரின் இவற்றுக்குப் போய்ச் சேராது. ஊரின் குழாய் வரைபடத்தில் இவற்றைத் தனி நிறத்தில் குறிக்க வேண்டும்.

தொட்டி மூடிக்குப் பூட்டு, ஏணிக்குக் கதவு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதன் பிறகும் பூட்டுக்கு எஸ்டிமேட்டில் இடமில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

கிருமிச் சோதனைக்கு மாதிரியைப் பம்ப் ரூமில் பிடிக்காதீர்கள், கடைசிக் குழாயில் பிடியுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலில் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழி நெடுகக் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். குழாயில் மோசமாக இருந்த தண்ணீர் ஆய்வகத்தில் நல்ல தண்ணீராகிவிடும். பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். மாதிரி எடுத்த குழாயில் அப்போது குளோரின் எவ்வளவு இருந்தது என்பதையும் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.